ஓயாமல் வாசித்துக் கற்கும் கணினி பிழையாகக் கற்றால்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

இணையத்தில் வெளிவரும் தமிழ்ச் செய்திகளையும் அறிவித்தல்களையும் கட்டுரைகளையும் இரவு பகலாக வாசித்து, "இரணைமடு ஒரு குளம்", "இரணைமடு கிளிநொச்சி மாவட்டத்தில் உள்ளது" என்பன போன்ற கூற்றுகளைத் தானாகவே பிரித்தெடுத்து அறிவுத்தளத்தில் சேர்க்கும் முறைமையைப் பராமரிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இலங்கையின் வடக்கிலுள்ள வன்னியின் குளங்கள், ஊர்கள், பயிர்கள், நிறுவனங்கள் பற்றிய அத்தகைய ஓர் அறிவுத்தளத்தில் திரும்பத் திரும்பத் தலைகாட்டிய பிழைகளைத் திருத்தியதன் வழியாகவே இவ்வழிமுறை உருவானது.

எந்தப் பிழையைக் கண்டாலும், அதில் கைவைப்பதற்கு முன் மூன்று காரியங்களைச் செய்யுங்கள். புதிய கூற்றுகளை ஏற்கும் பகுதியை நிறுத்துங்கள். வாசிப்பு தொடர்ந்து நடக்கலாம். அறிவுத்தளத்தின் அன்றைய நிலையைப் பிரதியெடுத்துத் தனியாக வையுங்கள். பின்னர், பிழையான கூற்று எந்தப் பக்கத்தின் எந்த வாக்கியத்திலிருந்து, எந்த நாளில், ("… மாவட்டத்தில் உள்ளது" போன்ற) எந்த வாக்கிய வடிவத்தின் துணையுடன் பிறந்தது என்பதைக் காட்டும் "வந்த வழி"ப் பதிவை எடுத்துப் பாருங்கள். இத்தகைய முறைமையில் இன்று ஏற்கப்பட்ட கூற்று நாளைய பாடமாகிவிடுவதால், கண்ணில் படும் பிழை பெரும்பாலும் மூலப் பிழையாக இருப்பதில்லை. அதற்குத் தாயான பிழை பல சுற்றுகளுக்கு (வாசித்து, பிரித்தெடுத்து, ஏற்று முடிக்கும் ஓர் ஓட்டமே ஒரு சுற்று) முன்பே உள்ளே வந்திருக்கும். வந்த வழிப் பதிவு உங்கள் முறைமையில் இல்லையென்றால் வேறெதையும் செய்வதற்கு முன் அதை அமையுங்கள். கீழே சொல்லப்படும் சோதனைகளில் பாதிக்கு மேல் அது இல்லாமல் நடவா.

அறிகுறி 1: புதிய கூற்று எதுவும் சேரவில்லை

சேகரிப்புப் பதிவேட்டைத் திறந்து, கடைசியாக எப்போது ஒரு பக்கம் இறக்கப்பட்டது என்று பாருங்கள். அந்த ஒரு விடை வழியை மூன்றாகப் பிரித்துவிடும்.

*பக்கங்களே வரவில்லை என்றால்*

இணைய இணைப்பு, தரவுப் பொதியின் மீதி, வன்தட்டில் உள்ள இடம் ஆகியவற்றை இந்த ஒழுங்கிலேயே பாருங்கள். இவை சரியாக இருந்தால், வாசிக்கப்படும் தளம் தன் முகவரி அமைப்பை மாற்றியிருக்கலாம், அல்லது தானியங்கி வாசிப்பைத் தடுத்திருக்கலாம். தடுத்திருந்தால் தளத்தை நடத்துபவருக்கு எழுதி அனுமதி கேளுங்கள். மறைவாக நுழைய வழி தேடாதீர்கள். மின் தடைக்குப் பிறகே நின்றுபோனது என்றால், எழுதிக்கொண்டிருந்த கோப்பு பாதியில் அறுந்திருக்கும். முந்திய பிரதியை மீட்டபின், இனிமேல் ஒவ்வொரு கோப்பையும் தற்காலிகப் பெயரில் முழுமையாக எழுதி முடித்த பின்னரே உரிய பெயருக்கு மாற்றும்படி நிரலைத் திருத்துங்கள். மின் தடையில் கணினியைச் சிறிது நேரம் தாங்கும் யூபிஎஸ் வாங்குவது நல்லதுதான். ஆயினும் செலவில்லாத இந்தத் திருத்தத்தை முதலில் செய்யுங்கள்.

*பக்கங்கள் வருகின்றன, கூற்றுகள் பிறக்கவில்லை என்றால்*

சேமிக்கப்பட்ட உரையை உங்கள் கண்ணால் பாருங்கள். ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்த குவியலாகத் தெரிந்தால், அது பாமினி எழுத்துருவில் தட்டச்சிடப்பட்ட பழைய பக்கம். அதை யுனிகோடுக்கு மாற்றும்போது ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். பாமினியில் எகர, ஏகார, ஐகாரக் குறிகள் மெய்யெழுத்துக்கு முன்னால் தட்டச்சிடப்படுவதால், எழுத்துக்கு எழுத்து மாற்றினால் மட்டும் போதாது, வரிசையையும் மாற்ற வேண்டும். உரை வெறுமையாக இருந்தால், அந்தப் பிடிஎஃப் கோப்பு படமாகவே வருடப்பட்டது என்று பொருள். நூலக நிறுவனத்தின் எண்ணிம நூலகத்தில் உள்ள பழைய நூல்களும் இதழ்களும் பெரும்பாலும் அத்தகைய படங்களே. அவற்றை எழுத்துணரி மென்பொருளால் உரையாக்கும்போது ஆகாரக் காலும் ரகரமும் ஒன்றுக்கொன்று மாறிவிடக்கூடும். ஒரு பக்கத்தை எடுத்து வரிக்கு வரி ஒப்பிட்டுப் பாருங்கள்; ஊர்ப் பெயர்களே அடிக்கடி சிதைந்திருந்தால் அந்தத் தொகுப்பை இப்போதைக்கு ஒதுக்கிவிடுங்கள். எழுத்துணரியைத் தமிழுக்குப் பயிற்றுவிப்பது அத்துறை தெரிந்தவரிடம் விட வேண்டிய வேலை.

*கூற்றுகள் பிறக்கின்றன, ஏற்கப்படவில்லை என்றால்*

ஏற்பதற்கான உறுதி எல்லை, அதாவது எவ்வளவு சான்று சேர்ந்தால் ஒரு கூற்றை ஏற்கலாம் என்ற அளவு, தமிழ் இணையத்தின் அளவுக்குப் பொருந்தாமல் இருக்கும். ஆங்கிலத்தில் ஒரு நகரைப் பற்றி ஆயிரக்கணக்கான வாக்கியங்கள் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் வகுக்கப்பட்ட எல்லையை, துணுக்காய்ப் பிரதேசத்தின் ஒரு சிற்றூருக்கு வைத்தால் அந்த ஊர் ஒருநாளும் அறிவுத்தளத்துக்குள் வராது. அதற்காக எல்லா வகைகளுக்கும் எல்லையை ஒரேயடியாகத் தாழ்த்தாதீர்கள். மூன்றாவது அறிகுறியை நீங்களே வரவழைத்ததாகிவிடும். ஊர், குளம், பாடசாலை என வகைவாரியாகத் தாழ்த்தி, ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரு மூலங்களாவது சொல்லியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையைக் கூடவே சேருங்கள்.

அறிகுறி 2: ஒரே பொருள் பல பெயர்களில் நிற்கிறது

அறிவுத்தளத்தில் இரணைமடு நான்கு இடங்களில் இருக்கும். ஒவ்வொன்றின் கீழும் இரண்டொரு கூற்றுகளே இருக்கும். இதைச் சிறிய குறையாக எண்ணி விட்டுவிடக் கூடாது. சான்றுகள் சிதறிப்போவதால் உண்மையான கூற்றுகள் உறுதி எல்லையை எட்டாமல் போக, அடிக்கடி எழுதப்படும் பிழைகள் மட்டும் எட்டிவிடுகின்றன.

*இரண்டு பெயர்களும் கண்ணுக்கு ஒன்றாகவே தெரிந்தால்*

குறியீட்டு நிலையில் அவை வேறுபட்டிருக்கும். "நொ" என்பதில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், எகரக் கொம்பும் ஆகாரக் காலுமாக இரு குறியீடுகளாகவும் எழுதலாம். யுனிகோடின் சீர்மை வடிவத்துக்கு எல்லா உரையையும் மாற்றினால் இது தீரும். கண்ணுக்குத் தெரியாத இணைப்புக் குறிகளையும் அப்போதே நீக்கிவிடுங்கள். ஆனால் பூநகரிக்கு அருகிலுள்ள கௌதாரிமுனையைப் பலர் ளகர எழுத்தை இட்டுக் "கெளதாரிமுனை" என்று தட்டச்சிடுகிறார்கள். ளகரம் உண்மையான வேறோர் எழுத்து என்பதால் சீர்மை வடிவம் இதைத் திருத்தாது. கையால் ஒரு மாற்றுப் பட்டியல் வைத்தே திருத்த வேண்டும்.

*பெயர்களின் ஈறு வேறுபட்டால்*

இரணைமடு, இரணைமடுவின், இரணைமடுவில், இரணைமடுக் குளம், இரணைமடுக்குளம், இரணைமடு குளம் என்பன எல்லாம் ஒன்றே. வேற்றுமை உருபையும், சாரியையையும், புணர்ச்சியில் தோன்றும் வல்லெழுத்தையும் நீக்கும் நிரல் வேண்டும். அந்த நிரல் அளவு மீறி வெட்டுகிறதா என்பதையும் சோதியுங்கள். கிளிநொச்சியின் கரடிப்போக்கு "க்கு" என்று முடிவதால், வெட்டும் நிரல் அதை நான்காம் வேற்றுமை என்று எண்ணிக் "கரடிப்போ" ஆக்கிவிடும். கோவில் என்ற சொல்லின் ஈற்றை "இல்" உருபாகக் கொண்டு அதையும் சிதைக்கும். பிரதேச செயலகப் பிரிவுகள், கிராம உத்தியோகத்தர் பிரிவுகள் ஆகியவற்றின் பெயர்ப் பட்டியலை வைத்துக்கொண்டு, அதில் உள்ள பெயரை வெட்டக் கூடாது என்று நிரலுக்குக் கட்டளையிடுவதே மலிவான தீர்வு.

*எழுத்து வழக்கு வேறுபட்டால்*

மீற்றர் என்பதும் மீட்டர் என்பதும், பொலிஸ் என்பதும் போலீஸ் என்பதும், ஒக்டோபர் என்பதும் அக்டோபர் என்பதும், வைத்தியசாலை என்பதும் மருத்துவமனை என்பதும் ஒன்றே என்று நிரலுக்குச் சொல்லுங்கள். இணையத்தில் தமிழ்நாட்டு உரை மிகுதி என்பதால், இதைச் செய்யாவிட்டால் நம் இலங்கை வழக்குகள் அரிதானவை என்ற காரணத்தால் பின்தள்ளப்படும். ஒன்றாக்கும்போது நம் வழக்கை அழித்துவிடாமல் மாற்றுப் பெயராகப் பேணி வையுங்கள்.

அறிகுறி 3: ஒரு வகை திடீரென்று வீங்குகிறது

அதிகச் சேதம் செய்யும் அறிகுறி இதுவே. நேற்றுவரை சில பத்துப் பெயர்களைக் கொண்டிருந்த "ஆறு" என்ற வகை, சில சுற்றுகளில் பல நூறாகப் பெருகும். உள்ளே பார்த்தால் கனகராயன் ஆறு, பாலி ஆறு, பேராறு, பறங்கி ஆறு ஆகியவற்றின் பக்கத்தில் மூன்று, நான்கு, ஐந்து என்பன நிற்கும். அதற்கடுத்த சுற்றில் மாணவர் தொகையும் நெல்லின் விலையும் ஆறுகளாகிவிடும். எங்கோ ஒரு வாக்கியத்தில் எண்ணாக வந்த "ஆறு" உள்ளே நுழைந்தது; அதன் அருகில் வந்த எண்கள் பின்தொடர்ந்தன; எண்கள் வரும் வாக்கிய வடிவங்கள் எல்லாம் ஆற்றைக் குறிக்கும் வடிவங்களாக ஏற்கப்பட்டன.

இது தமிழுக்கு மட்டும் உரிய நோய் அன்று. கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் ரொம் மிட்செலின் குழு 2010 ஜனவரியில் ஓடவிட்ட ஓயாத மொழிக் கற்றல் முறைமை, இணைய உலாவிகள் சேமிக்கும் "குக்கி" என்ற சிறு கோப்பை உண்ணும் குக்கியாகக் கருதி வெதுப்பிப் பண்டங்களின் வகையில் சேர்த்தது. அதைத் தொடர்ந்து கணினிக் கோப்புகளும் வெதுப்பிப் பண்டங்களாயின. அந்த முறைமை முதல் 67 நாட்களில் 242,000 இற்கும் மேற்பட்ட கூற்றுகளைச் சேர்த்தது. அவற்றில் ஏறக்குறைய 74 சதவீதம் சரியானவை என்று அக்குழுவே மதிப்பிட்டது. அந்த ஓட்டத்தை மூன்று பகுதிகளாகப் பிரித்துப் பார்த்தபோது, சரியானவற்றின் பங்கு 90 இலிருந்து 71 ஆகி, பின் 57 சதவீதமாக இறங்கியிருந்தது. எனவே மொத்தச் சராசரியைப் பார்த்து ஆறுதல் அடையாதீர்கள். கடைசிச் சில சுற்றுகளில் சேர்ந்தவற்றில் இருந்து ஐம்பது கூற்றுகளை எழுமாறாக எடுத்துக் கையால் சரிபார்த்து, முதற் சுற்றுகளின் ஐம்பதோடு ஒப்பிடுங்கள். இறக்கம் தெரிந்தால் கீழுள்ளவற்றை வரிசையாகப் பாருங்கள்.

*விதைகளைப் பாருங்கள்*

வகையைத் தொடங்கிவைக்க நீங்கள் கொடுத்த எடுத்துக்காட்டுகளில் இருபொருள் தரும் சொல் இருக்கிறதா என்று தேடுங்கள். மாலை, திங்கள், ஞாயிறு, படி, மா என்பவற்றைத் தனிச் சொல்லாக விதையாக்கக் கூடாது. விலங்கு வகைக்குப் புலியை விதையாகக் கொடுத்துவிட்டு வன்னியின் பழைய செய்திகளை வாசிக்கவிட்டால், சில சுற்றுகளிலேயே இயக்கங்களும் ஊர்களும் விலங்குகளாகப் பதியும். இங்கே வாழ்ந்தவர்களின் வரலாற்றை வைத்து அப்படியொரு பிழை நேர விடக் கூடாது. யானை, மான், மரை போன்ற ஐயமற்ற சொற்களைக் கொடுங்கள். இதற்குச் செலவே இல்லை. ஆயினும் இதனாலேயே பாதி வீக்கம் வடிந்துவிடும்.

*வாக்கிய வடிவங்களைப் பாருங்கள்*

பட்டியலிடும் சொற்களைக் கொண்டு வகையைக் கண்டறியும் முறையை 1992 இல் ஆய்வாளர் மார்ட்டி ஹேர்ஸ்ட் ஆங்கிலத்துக்கு முன்வைத்தார். தமிழில் அதே வேலையைச் செய்யும் வடிவங்களில், "இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் ஆகிய குளங்கள்" என்பதில் வரும் "ஆகிய" பெரும்பாலும் நம்பத்தக்கது. "முதலிய" என்பதும் அப்படியே. "போன்ற" அப்படி அன்று: "வவுனிக்குளம் போன்ற குளங்கள்" என்பது வகையைச் சொல்கிறது, "கடல் போன்ற குளம்" என்பது உவமை சொல்கிறது. இரண்டையும் ஒன்றாக வாசிக்கும் நிரல் கடலைக் குளமாக்கிவிடும். பன்மை விகுதி பெற்ற வகைச்சொல்லுக்கு முன்னால், ஒன்றுக்கு மேற்பட்ட பெயர்கள் பட்டியலாக வந்தால் மட்டுமே "போன்ற" வடிவத்தை ஏற்குமாறு கட்டுப்படுத்துங்கள்.

பிழையான கூற்றுகளை ஒவ்வொன்றாக அழிப்பதில் நேரத்தைச் செலவிடாதீர்கள். ஒவ்வொரு வகைக்கும் அதிகக் கூற்றுகளைக் கொண்டுவந்த இருபது வாக்கிய வடிவங்களை அச்சிட்டு, தமிழ் நன்றாக வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கொண்டு தேறாதவற்றை அடியுங்கள். ஒரு வடிவத்தை நீக்கினால் அது பெற்ற நூற்றுக்கணக்கான பிழைகளும் கூடவே போகும்.

*வகைகளுக்கு இடையிலான வேலிகளைப் பாருங்கள்*

ஆறாக இருப்பது எண்ணாக இருக்க முடியாது, ஊராக இருப்பது ஆளாக இருக்க முடியாது என்ற விலக்கு விதிகள் எழுதப்பட்டுள்ளனவா? எழுதப்பட்டிருந்தால், எண் என்ற வகைக்குப் போதிய விதைகள் உள்ளனவா? எதிர் வகை வெறுமையாக இருந்தால் விலக்கு விதி வேலை செய்யாது. நமக்குத் தேவையில்லாத எண், மாதம், கிழமை, அளவை ஆகிய வகைகளையும் வளர்க்க வேண்டியிருப்பது இந்த வேலிக்காகத்தான். அதே வேளை, வேலி உண்மையை அடைத்துவிடவும் கூடும். மாங்குளமும் கனகராயன்குளமும் பெயரில் குளமாக இருந்தாலும் ஏ9 வீதியில் உள்ள ஊர்கள். குளம், ஊர் என்ற இரண்டையும் ஒன்றுக்கொன்று விலக்கான வகைகளாக வைத்தால் வன்னியின் பாதி வரைபடம் அழிந்துபோகும். இந்த இரண்டுக்கும் இடையில் விலக்கு வைக்காமல், ஊருக்கும் குளத்துக்கும் தனித்தனி அடையாள எண் கொடுத்து, வாக்கியத்தின் சூழலைக் கொண்டு பிரிக்க வேண்டும்.

*ஒரு சுற்றின் வரம்பைப் பாருங்கள்*

ஒரு சுற்றில் ஒரு வகைக்குள் எத்தனை கூற்றுகள் நுழையலாம் என்பதற்கு மேல் எல்லை வையுங்கள். இது பிழையைத் தீர்க்காது. நீங்கள் கவனிக்கும்வரை அது பரவுவதைத் தாமதப்படுத்தும்.

இவ்வளவும் செய்தபின்னும் அதே வகை மூன்றாம் முறையும் வீங்கினால், வகைப் பிரிப்பே பிழையாக இருக்கலாம். அப்போது மொழியியல் தெரிந்த ஒருவரோடும், அந்தப் பொருள் தெரிந்த ஒருவரோடும் அமர்ந்து வகைகளைப் புதிதாக வகுக்க வேண்டும். குளம், வாய்க்கால், அணைக்கட்டு, வான், கலிங்கு ஆகியவற்றுக்கு இடையிலுள்ள வேறுபாட்டை நீர்ப்பாசனத் திணைக்களத்தில் பணிபுரிந்த ஒருவர் ஒரு மாலைப்பொழுதில் விளக்கிவிடுவார். நிரல் எழுதுபவர் அதைத் தானாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

அறிகுறி 4: இரண்டு ஊர்கள் ஒன்றாகிவிட்டன, அல்லது ஓர் இடம் பிழையான மாவட்டத்தில் நிற்கிறது

முல்லைத்தீவிலும் புதுக்குடியிருப்பு உண்டு, மட்டக்களப்பிலும் உண்டு. கிளிநொச்சியின் தர்மபுரத்தைப் பற்றிய கூற்றுகளோடு தமிழ்நாட்டுத் தருமபுரத்தின் ஆதீனச் செய்திகள் கலந்துவிடக்கூடும். பெயரை மட்டும் அடையாளமாகக் கொள்ளாமல், பெயரோடு மாவட்டத்தையும் சேர்த்து அடையாளமாக்குங்கள். மாவட்டம் எதுவென்று வாக்கியத்திலோ பக்கத்திலோ தெரியாவிட்டால், அந்தக் கூற்றைக் காத்திருக்கும் பட்டியலில் விட்டுவிடுங்கள்.

ஒரு பெயரின் உறுப்பைக் கொண்டு இடத்தை ஊகிக்கும் விதியை முறைமை தானாகக் கற்றிருந்தால் அதை நீக்குங்கள். வவுனிக்குளம் முல்லைத்தீவு மாவட்டத்தில் உள்ளது. பெயரின் முற்பகுதியைப் பார்த்து அதை வவுனியாவில் வைக்கும் விதி நூறு முறை சரியாக வந்தாலும் ஏற்கத் தக்கதன்று. ஐயம் தீராத சிற்றூர்ப் பெயர்களுக்கு அந்தப் பிரிவின் கிராம உத்தியோகத்தரைக் கேட்பதே இறுதி வழி.

அறிகுறி 5: முன்பு சரியாக இருந்தது இப்போது பிழையாக நிற்கிறது

கிளிநொச்சி யாழ்ப்பாண மாவட்டத்தில் உள்ளது என்று முறைமை உறுதியாகச் சொன்னால், அது பொய்யைப் படிக்கவில்லை. கிளிநொச்சி தனி மாவட்டமான 1984 பெப்ரவரிக்கு முன் எழுதப்பட்டதைப் படித்திருக்கிறது. 1978 இற்கு முந்திய நூல்களில் முல்லைத்தீவு தனி மாவட்டம் அன்று. 1988 இற்கும் 2006 இன் முடிவுக்கும் இடைப்பட்ட ஆவணங்களில் வடகிழக்கு மாகாணம் என்று இருக்கும். 2021 ஓகஸ்ட் முதலாம் திகதி முதல் வவுனியாவில் உள்ளது தனிப் பல்கலைக்கழகம். அதற்கு முன் எழுதப்பட்டவை பெரும்பாலும் அதை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகம் என்றே குறிக்கும்.

ஓர் இடம் ஒரே மாவட்டத்தில்தான் இருக்க முடியும் என்ற விதியை வைத்திருக்கும் முறைமை, இரண்டு விடைகள் மோதும்போது அதிகச் சான்றுள்ளதைத் தேர்ந்தெடுக்கும். பழைய விடைக்குப் பல பத்தாண்டுகளின் சான்று இருப்பதால், புதிய உண்மை தோற்றுவிடும். ஆகவே இத்தகைய உறவுகளுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் பதியும் இரு கட்டங்களைச் சேருங்கள். பழைய கூற்றை அழிக்காமல் அதன் முடிவு நாளை நிரப்புங்கள். 1975 இல் வெளியான ஒரு நூலை வாசிக்கும்போது அந்தப் பழைய கூற்று மீண்டும் தேவைப்படும்.

*நாளே பிழையாக இருந்தால்*

நிகழ்ச்சி நடந்த நாளும் பக்கம் வெளியான நாளும் ஒன்றாகக் கொள்ளப்பட்டுள்ளனவா என்று பாருங்கள். 2018 டிசம்பர் வெள்ளத்தின் செய்தியும் படமும் பின்வந்த மாரி காலத்தில் மீண்டும் பகிரப்பட்டால், பகிரப்பட்ட நாளை நிகழ்ச்சி நாளாகக் கொள்ளும் நிரல் வராத வெள்ளத்தை வந்ததாகப் பதியும்.

குளத்தின் நீர்மட்டம், நெல்லின் கொள்வனவு விலை, இந்த ஆண்டின் சிறுபோகத்துக்கு நீர் வழங்கப்படும் ஏக்கர் அளவு ஆகியவற்றை அறிவுத்தளக் கூற்றுகளாக ஏற்கவே கூடாது. அவை நாளிட்ட அளவீடுகள். தனி அட்டவணைக்கு உரியவை. கனகராயன் ஆறு இரணைமடுவுக்கு நீர் தருகிறது என்பதும், இன்றைய நீர்மட்டம் இத்தனை அடி என்பதும் ஒரே பெட்டியில் இருக்க வேண்டியவை அல்ல.

அறிகுறி 6: பல தளங்கள் சொல்வதாகக் காட்டுகிறது, ஆனால் கூற்று பிழை

*முதலில் பிரதிகளைப் பாருங்கள்.* ஒரே செய்தியைப் பத்துத் தளங்கள் ஓரெழுத்தும் மாறாமல் எடுத்துப் போட்டிருக்கும். முறைமை அவற்றைப் பத்துச் சாட்சிகளாக எண்ணியிருக்கும். வாக்கியங்களைச் சிறு துண்டுகளாக்கி ஒப்பிட்டு, ஒத்தவற்றை ஒரே சான்றாக எண்ணும் நிரல்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.

*அடுத்து வினைமுற்றைப் பாருங்கள்.* தமிழ் வாக்கியத்தில் மறுப்பு கடைசியில் வருகிறது. "இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்படவில்லை" என்ற வாக்கியத்தின் ஈற்றை வெட்டும் நிரல், வான்கதவுகள் திறக்கப்பட்டன என்ற கூற்றைத் தந்துவிடும். குளத்துக்குக் கீழேயுள்ள பன்னங்கண்டியிலும் முரசுமோட்டையிலும் கண்டாவளையிலும் இருப்பவர்களுக்கு இந்த ஈற்றெழுத்துகளின் பொருள் என்ன என்பதை இங்கே வாழ்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. "இல்லை", "அல்ல", "அன்று", "மாட்டாது", "முடியாது" ஆகிய முடிவுகள் கொண்ட இருநூறு வாக்கியங்களைச் சோதனைத் தொகுப்பாக வைத்து, நிரலில் எதை மாற்றினாலும் முதலில் அதில் ஓட்டிப் பாருங்கள். "எனக் கூறப்படுகிறது", "என்று எதிர்பார்க்கப்படுகிறது", "திறக்கப்படுமாம்" என்பவற்றுக்கும் அதே கவனம் வேண்டும். அவற்றில் உள்ளவை கேள்விப்பட்டவை. உறுதி மதிப்பெண் குறைக்கப்பட வேண்டியவை.

*கடைசியாக, முறைமை தன் குரலையே கேட்கிறதா என்று பாருங்கள்.* உங்கள் அறிவுத்தளத்திலிருந்து தானாக எழுதப்பட்ட பக்கங்கள் இணையத்தில் வெளியாகியிருந்தால், சேகரிப்பு நிரல் அவற்றையும் வாசித்துப் புதிய சான்றாக எண்ணும். சொந்தப் பக்கங்களைத் தவிர்க்கும் பட்டியலில் சேருங்கள். பிற இயந்திரங்கள் எழுதிய உரை இப்போது எங்கும் கலந்திருப்பதால், எந்தத் தளத்தையும் முதன்முறை சேர்க்கும்போது ஒரு மனிதர் சில பக்கங்களையாவது வாசித்து ஒப்புதல் தர வேண்டும்.

அறிகுறி 7: புதியதைக் கற்றதும் பழையதை மறக்கிறது

கூற்றுகளை அட்டவணையில் வைக்கும் முறைமைக்கு இந்நோய் வராது; எடுத்துக்காட்டுகளைக் கொண்டு தன் உள் எண்களை மாற்றிக் கற்கும் நரம்பு வலையமைப்பை நாள்தோறும் புதிய உரையால் பயிற்றுவிக்கும்போது வரும். 1989 இலேயே ஆய்வாளர்கள் மக்ளொஸ்கியும் கோஹனும் இதைக் காட்டிவிட்டார்கள். ஒவ்வொரு பயிற்சியிலும் பழைய உரையின் ஒரு பங்கைக் கலந்து கொடுங்கள். மாறாத வினாக்களைக் கொண்ட ஒரு தேர்வை ஒவ்வொரு முறையும் வைத்து, மதிப்பெண் குறைந்தால் முந்திய வலையமைப்புக்குத் திரும்புங்கள். இவற்றால் தீராவிட்டால் முழுப் பயிற்சியை மீண்டும் நடத்த வேண்டிவரும். அதற்கான கணினி வலு சிறிய நிலையங்களில் இருக்காது. பல்கலைக்கழகம் ஒன்றின் உதவியை நாடுங்கள்.

அறிகுறி 8: ஒரு மனிதரைப் பற்றிய, அல்லது உயிர் சார்ந்த கூற்று தானாக ஏற்கப்பட்டுள்ளது

இங்கே எளிய காரணம், கடினமான காரணம் என்று வரிசைப்படுத்த இடமில்லை. முறைமையை உடனே நிறுத்துங்கள்.

வன்னியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் பெயர்கள் இணையத்தில் பல பட்டியல்களில் உள்ளன. ஓர் ஆளைப் பற்றி 2009 இற்குப் பின் ஒரு குறிப்பும் இல்லை என்பதைக் கொண்டு அவர் இறந்துவிட்டார் என்று ஊகிக்கும் விதியை முறைமை தானாகக் கற்றுக்கொள்ளும் வாய்ப்பு உண்மையிலேயே இருக்கிறது. ஒருவர் உயிருடன் இருக்கிறார், அல்லது இறந்துவிட்டார் என்று இரண்டே நிலைகளை வைத்து விலக்கு விதி எழுதியிருந்தால் அந்த வாய்ப்பு இன்னும் கூடும். இறப்புச் சான்றிதழை ஏற்க மறுத்த குடும்பங்களுக்காக, காணாமற்போனவர் என்பதை உறுதிப்படுத்தும் சான்றிதழ் வழங்க 2016 இல் சட்டமே திருத்தப்பட்டது. சட்டம் ஏற்றுக்கொண்ட அந்த மூன்றாம் நிலையை ஒரு நிரல் அழிக்கக் கூடாது. தனிமனிதரின் உயிர்நிலை பற்றிய உறவை முறைமையிலிருந்து முற்றாக நீக்கிவிடுங்கள். பெயர், முகவரி, நோய் ஆகியவை ஏற்கெனவே சேர்ந்திருந்தால், 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தெரிந்த சட்டத்தரணி ஒருவரிடம் ஆலோசனை பெற்ற பின்னரே மீண்டும் தொடங்குங்கள்.

கண்ணிவெடி அகற்றப்பட்ட நிலப்பகுதி, குடிநீருக்கு உகந்த கிணறு, பூச்சிநாசினியின் அளவு ஆகியவற்றுக்கும் இதுவே விதி. ஒரு காணி வெடிபொருள் அற்றது என்பதை மாவட்டச் செயலகமும் கண்ணிவெடி அகற்றும் பணிக்குப் பொறுப்பானவர்களும் சொல்ல வேண்டும். பயிருக்கு எவ்வளவு தெளிக்கலாம் என்பதை விவசாயப் போதனாசிரியர் சொல்ல வேண்டும். பழைய செய்தியொன்றை வாசித்த முறைமை அதைச் சொல்லக் கூடாது.

அறிகுறி 9: திருத்திய பிழை மீண்டும் முளைக்கிறது

பராமரிப்பவரை அதிகம் களைக்கச் செய்வது இதுதான். கூற்றை அழித்திருப்பீர்கள்; அடுத்த சுற்றிலோ அதற்கடுத்த சுற்றிலோ அது திரும்பி வந்திருக்கும். அழிக்கப்பட்டது கூற்று மட்டுமே; அதைப் பிறப்பித்த வாக்கிய வடிவமும், அந்த வாக்கியம் உள்ள பக்கமும், அக்கூற்றினால் ஏற்கப்பட்ட மற்றக் கூற்றுகளும் அப்படியே இருக்கின்றன.

*மறுப்புப் பட்டியல் உண்டா என்று பாருங்கள்.* பிழையென்று மனிதர் தீர்மானித்த கூற்றை அழிக்காமல், "மறுக்கப்பட்டது" என்று குறித்து வையுங்கள். அப்போது அது எதிர்மறை எடுத்துக்காட்டாகவும் பயன்படும். அதை அடிக்கடி பெற்றுத்தரும் வாக்கிய வடிவத்தின் மதிப்பெண்ணும் தானாக இறங்கும்.

*இன்னும் முளைத்தால், தாயைத் தேடுங்கள்.* வந்த வழிப் பதிவில் பின்னோக்கிச் சென்று, விதைகளையும் மனிதர் ஒப்பியவற்றையும் தவிர வேறெதையும் சாராத முதற் பிழையைக் கண்டுபிடியுங்கள். அதை மறுத்தபின், அதை மட்டுமே சான்றாகக் கொண்டு ஏற்கப்பட்ட எல்லாவற்றையும் காத்திருக்கும் பட்டியலுக்குத் திருப்பி அனுப்புங்கள். வேறு சான்றும் உள்ளவை அங்கிருந்து தாமாகவே மீண்டு வரும்.

*தாய் பல சுற்றுகளுக்கு முன்னே இருந்தால்,* அதற்கு முந்திய பிரதிக்குத் திரும்பி, தாயை மறுத்துவிட்டு, சேமித்து வைத்த பக்கங்களை மீண்டும் வாசிக்கவிடுங்கள். கணினி சில நாட்கள் ஓடும். மின்சாரச் செலவும் ஆகும். வாரத்துக்கு ஒரு பிரதியாவது எடுத்து, அதை வேறொரு கட்டடத்தில் வைத்திருந்தால்தான் இந்த வழி உங்களுக்குத் திறந்திருக்கும். மனிதர் கையால் செய்த ஒப்புதல்களையும் மறுப்புகளையும் தனிக் கோப்பாகச் சேமித்து, பழைய பிரதியின் மேல் மீண்டும் இடுங்கள். அவை இழக்கப்பட்டால் மாதக்கணக்கான உழைப்பு போய்விடும்.

*தாயே கிடைக்கவில்லை என்றால்,* முதலாவது கூற்றுக்கு இரண்டாவதும், இரண்டாவதற்கு மூன்றாவதும், மூன்றாவதற்கு முதலாவதும் சான்றாக நிற்கும் வளையம் உருவாகியிருக்கும். அவற்றில் எதை எடுத்தாலும் மற்ற இரண்டும் அதை மீட்டுவிடும். விதைகளிலிருந்து தொடங்கி, சான்றுச் சங்கிலியால் எட்டக்கூடிய கூற்றுகளை மட்டும் வைத்துக்கொண்டு எஞ்சியவற்றை நீக்கும்படி முழு அறிவுத்தளத்தையும் கணக்கிட வேண்டும். இதைத் தரவுத்தளப் பொறியியல் தெரிந்தவரிடம் கொடுங்கள். அவர் வரும்போது, வந்த வழிப் பதிவின் முழுப் பிரதியையும், விதைப் பட்டியலையும், மனிதர் ஒப்பிய மற்றும் மறுத்த கூற்றுகளின் கோப்பையும், பிழை முதலில் கண்ணில் பட்ட சுற்றின் இலக்கத்தையும் ஆயத்தமாக வைத்திருங்கள். அதுவரை ஏற்கும் பகுதியை மீண்டும் தொடக்காதீர்கள்.